கட்டிலுக்கு அடியில் போகிற மெஷின்

ஜூன் 3

மேனேஜர் அம்மாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் நடிப்பு என்பாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. கத்தரிக்கோல் பழகின விரலுக்குள் பேனா நிற்கமாட்டேன் என்கிறது. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இது எழுத்தா, இல்லை எறும்பு மைப்புட்டிக்குள் விழுந்து எழுந்து போன தடமா என்று கேட்டார். அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போய் எறும்புகளைத் தொந்தரவு செய்யவில்லை. போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. உன் தங்கச்சி எடுத்து, அக்கா தூங்குது மாமா என்கிறாள். பகலில் கண் மூடத் தெரியாத மனுஷி, அங்கே போய்த் தூக்கத்துக்கு வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் போலிருக்கிறது. சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதச் சொன்னாய் என்றாள். சரி, எழுதுகிறேன். படிக்கிற கஷ்டம் உன்னுடையது.

விஷயம் இதுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் குனியக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் நீ அங்கே போனாய். இங்கே வந்தால் குனியாமல் இருக்கமாட்டாய். முன்னறையில் சலூன், பின்னறையில் குடித்தனம் என்றால் வெட்டின முடி எல்லாம் விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீ போனதிலிருந்து நான் கூட்டுகிறேன். கூட்டுகிறேன் என்றால் இந்தப் பக்கத்து முடியை அந்தப் பக்கம் அனுப்புகிறேன், அது சாயங்காலம் திரும்பி வருகிறது. அதனால் தானாகவே வீடு கூட்டுகிற ரோபோ ஒன்று வாங்கப் போகிறேன். அது வந்தால் நீ வந்துவிடலாம். கட்டிலில் உட்கார்ந்து அதை அதிகாரம் பண்ணு. இத்தனை நாள் என்னைப் பண்ணியதுதானே.

நேற்று மதியம் கடையைச் சாத்திவிட்டு ஷோரூம் போனேன். அங்கே ஒரு பெண், சின்ன வயசு, நல்ல மரியாதை. வீட்டில் முடி கொட்டுகிற பிராணி ஏதாவது உண்டா சார் என்று கேட்டாள். நிறைய உண்டும்மா, எல்லாம் முகத்துக்கு முன்னால் பேப்பரை விரித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் சலூன்காரன் என்று சொன்ன பிறகுதான் சிரித்தாள்.

இரண்டு மெஷின் காட்டினாள். ஒன்று தட்டையானது, தட்டு மாதிரி. அதற்குக் கண் கிடையாது. சுவரில் முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். என் சகலை மாதிரி. இன்னொன்றுக்குத் தலைமேல் சின்னதாக ஒரு கொண்டை. அந்தக் கொண்டை சுற்றிச் சுற்றிப் பார்த்து, வீட்டுக்கு மேப் போட்டு, எங்கே கூட்டினோம் எங்கே கூட்டவில்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். உன் மாதிரி. நீ எதைச் சொல்கிறாயோ அதை வாங்குகிறேன்.

எப்போது வருகிறாய் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடு. தபால் தலை மிச்சம்.

இப்படிக்கு,
எறும்பு

*

ஜூன் 9

உங்களுக்கு,

கடிதம் வந்தது. தங்கச்சி வேலைக்குப் போன பிறகு படித்தேன்.

ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள், நேராகக் கேட்கவில்லை என்றாலும். போனில் நீங்கள் பேசினால் கொஞ்ச நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு நான் எதுவும் சொல்ல முடியாது. நம் வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. காகிதத்தில் என்றால் நான் சிரித்தது உங்களுக்குத் தெரியாது. இந்த முறை சிரிக்கவும் இல்லை.

தையல் ஆறிவிட்டது. வலி இல்லை. காலையில் தங்கச்சி காபியா டீயா அக்கா என்று கேட்கிறாள். எது வேண்டும் என்று எனக்குத் தெரிவதில்லை. அவள் கொடுப்பதைக் குடிக்கிறேன். அவள் வீடு இரண்டாவது மாடி. ஜன்னலுக்கு எதிரே பஸ் பணிமனை. பஸ்களைக் கழுவுகிறார்கள், வெளியே போகின்றன, மறுநாள் அதே அழுக்கோடு வருகின்றன. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மெஷின் பற்றி. முடி எங்கே சேருகிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். கடைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருக்கிற பிளைவுட் தடுப்பு தரையைத் தொடவில்லை. அடியில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. முடி அதன் வழியாகத்தான் வருகிறது. வந்து நேராகக் கட்டிலுக்கு அடியில் போகிறது. நடு அறையில் ஒன்றும் இருக்காது. எந்த மெஷினாக இருந்தாலும் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். போகாவிட்டால் அது தேவையில்லை.

உயரம் அளக்கும்போது கட்டில் ஓரத்தை அளக்காதீர்கள். நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்று தாழ்வாக ஓடுகிறது. அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். நான் அதில் பல தடவை தலையை இடித்திருக்கிறேன்.

வருவதைப் பற்றி இப்போது எழுத ஒன்றும் இல்லை.

*

ஜூன் 14

மேனேஜர் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த நேரம் கடையில் நல்ல கூட்டம். மருந்துக்கடைக்காரர் நாற்காலியில், கண்டக்டர் பெஞ்சில், இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டு. தபால்காரர் நீட்டியதும், வீட்டம்மாவா என்று எல்லோரும் கேட்டார்கள். மெஷின் விஷயம் அவர்களுக்கு முன்னாடியே தெரியும், தினமும் அதுதானே பேச்சு. அதனால் உரக்கவே படித்தேன்.

அந்தக் கட்டில் பாராவை நான் படித்த மாதிரி வேறு யாரும் படிக்க முடியாது. தலையை இடித்திருக்கிறேன் என்ற இடத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, உன் குரலிலேயே சொன்னேன். மருந்துக்கடைக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு குலுங்கினார், நுரை முழுக்க என் சட்டையில். கண்டக்டர் சொல்கிறார், உங்க வீட்டம்மா கணக்குப் போட்டுத்தான் இடிச்சுக்கும் போல என்று. பயங்கர புத்திசாலி என்று எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். அதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் நல்லதை மட்டும் மறைத்தேன் என்பாய்.

பிறகு ஓட்டெடுப்பு நடந்தது. கொண்டை வைத்ததுதான் என்று எல்லோரும் ஒரே முடிவு. முடி ப்ரஷில் சுற்றிக்கொள்ளும், அதை அடிக்கடி வெட்டி எடுக்க வேண்டும் என்று ஷோரூம் பெண் சொல்லியிருந்தாள். வெட்டுவதற்கு ஆளா இல்லை நம் வீட்டில்? ஒரே வித்தியாசம், அது தலையை ஆட்டாது, அரசியல் பேசாது.

மெஷினுக்குப் பெயர் வைக்க வேண்டுமாம். வாங்குகிறவர்கள் எல்லோரும் வைக்கிறார்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். வைத்துவிடுவோம், இத்தனை வருஷம் கழித்து நம்ம வீட்டிலும் ஒன்று தவழப் போகிறது என்றேன். கடையே அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

கட்டிலை அளந்தேன். தாராளமாகப் போகும்.

மாதக் கடைசியில் வந்துவிடு. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன். உன் பையை நான் தூக்கினால் ஊரே வேடிக்கை பார்க்கும், பார்க்கட்டும்.

இப்படிக்கு,
எறும்பு

*

ஜூன் 20

உங்களுக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். எழுத்து நன்றாக வரவில்லை என்பதால் அல்ல. ஒவ்வொரு தடவையும் இதையும் நீங்கள் நாற்காலியில் இருக்கிறவருக்குப் படித்துக் காட்டுவது மாதிரியே கேட்டது. படிப்பதானால் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். நீங்கள் கடை திறந்தீர்கள். கண்டக்டர் சவரத்துக்கு உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டதைக் கேட்டேன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவதைக் கேட்டேன். வீட்டம்மாவுக்கு என்ன ஆபரேஷன் என்று அவர் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். நீங்கள் மெதுவாகச் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்லண்ணே, சரக்கே ஏத்தாத குடோன். சும்மா எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு நிக்கணும்னு இடிச்சுட்டாங்க."

அவர் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கன்னத்துல கத்தி இருக்கு, ஆடாதீங்கண்ணே என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்கும் சிரித்தார்கள்.

நான் அழவில்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். தையல் இழுத்தது. அது மட்டும்தான் தெரிந்தது. அதற்கப்புறம் வேறு ஒன்றும் தெரிவதில்லை. இன்றுவரை.

என் சமையலை வைத்து, என் குறட்டையை வைத்து, என் அம்மா வீட்டை வைத்து நீங்கள் கடையில் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே நானும் சிரித்திருக்கிறேன். குழந்தை இல்லை என்பதை வைத்து அதுவரை நீங்கள் சொன்னதில்லை. அதைத் தொடமாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். இரண்டாவது தடவையை எனக்கே தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் வராமல் இருப்பது குனிய முடியாது என்பதற்காக அல்ல. மெஷின் வாங்கினால் வருவேன் என்று நினைக்க வேண்டாம். கோபமாக இருக்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தங்கச்சியே சொல்கிறாள். காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

சிரிப்பு இல்லாமல் ஒரு கடிதம் உங்களுக்கு எழுத வருமானால் எழுதுங்கள். வராவிட்டால் நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். தங்கச்சி இருக்கச் சொல்லிவிட்டாள்.

*

ஜூன் 24

நீ எழுதியதைப் படித்தேன். தனியாகத்தான் படித்தேன்.

நான் சொன்னது உன்னை அல்ல. சும்மா வாயில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறோம். கடை திறந்தால் வருகிறவர்கள் எல்லோரும் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்கிறார்கள். எல்லோருக்கும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பதில் சொல்ல முடியுமா? என் முகத்தை அதற்குத் தைக்கவே இல்லையே. நான் சிரிக்க வைக்கிறவன் என்றுதானே இந்தத் தெருவில் இன்னொரு சலூன் இருந்தும் இங்கே வருகிறார்கள். எனக்கு மட்டும் குழந்தை வேண்டாம் என்றா இருந்தது? நீ பெரிய இவள் மாதிரி கோர்ட்டில் கேஸ் படிப்பது போல எழுதியிருக்கிறாய். தீர்ப்பும் நீயே எழுதிவிட்டாய், எனக்கு வக்கீல் செலவு மிச்சம்.

மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. அடுத்த வாரம் வரும். வேண்டாம் என்றால் வந்து சொல்.

*

ஜூலை 8

உனக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடாதது சரிதான்.

மெஷின் வந்தது. ஷோரூம் பெண் சொன்ன மாதிரி சார்ஜ் போட்டுக் கீழே விட்டேன். முதல் நாள் சுவர் ஓரமாகப் போய் மேப் போட்டது. மறுநாள் காலை, கடையில் ஆள் இல்லாத நேரம், மறுபடி விட்டேன். நடு அறையைக் கூட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது. போன வேகத்தில் கொண்டை குறுக்குச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பின்னாலும் வரவில்லை, முன்னாலும் போகவில்லை. உதவி கேட்டு அதுவாகவே பேசியது, பிறகு அணைந்துவிட்டது.

நான் கட்டில் ஓரத்தைத்தான் அளந்திருந்தேன். குறுக்குச் சட்டத்தை அளக்கச் சொல்லி நீ எழுதியிருந்தாய். அதை நான்தான் கடையில் சத்தமாகப் படித்தேன். எல்லோரும் சிரித்ததில் அந்த வரி என்ன சொல்கிறது என்று நானே கவனிக்கவில்லை.

குப்புறப் படுத்து உள்ளே போனேன். என் வயிற்றுக்குச் சிரமமாக இருந்தது. உள்ளே முடி நிறைய இருந்தது, வெள்ளை முடி, கறுப்பு முடி, சாயம் போட்ட முடி. கை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். அப்போது கடைக்குள் ஆள் வந்த சத்தம். கண்டக்டரும் மருந்துக்கடைக்காரரும். நான் டீ குடிக்கப் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இருங்கண்ணே வர்றேன் என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்னைப் பற்றி. நீ போனதைப் பற்றி. மெஷினைப் பற்றி. மெதுவாகத்தான் பேசினார்கள், இருந்தும் எல்லாம் கேட்டது. பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. தடுப்புக்கு அடியில் அவர்கள் செருப்பு தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருந்தது. இவ்வளவு கேட்கும் என்று எனக்குத் தெரியாது. நான் எப்போதும் அந்தப் பக்கம்தானே நின்றிருக்கிறேன்.

சிரித்தார்கள். ரொம்ப நேரம் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது கண்டக்டர்தான் ராத்திரி பஸ்ஸை வாசலில் நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டார். அவர்கள் சொன்னதும் நன்றாகத்தான் இருந்தது. வேறு யாரைப் பற்றியாவது இருந்தால் நானே மறுநாள் கடையில் சொல்லியிருப்பேன்.

வெளியே வரவில்லை. வந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படியே படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கப்புறமும் எழுந்திருக்க முடியவில்லை. காலும் கையும் என்னுடையது மாதிரி இல்லை. கோபம் வரும் என்று பார்த்தேன். நீ எழுதியது சரி. வரவில்லை.

மறுநாள் கண்டக்டர் முடி வெட்ட வந்தார். வெட்டினேன். என்னண்ணே இன்னைக்கு வாயே திறக்கல, உடம்பு சரியில்லையா என்றார். பல் வலி என்றேன். அதிலிருந்து எல்லோருக்கும் பல் வலி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேச வருவதில்லை. எதைப் பேச ஆரம்பித்தாலும் அந்தப் பக்கம் கேட்கிறது என்று தோன்றுகிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்தும். மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். இரண்டு பேர் இந்த வாரம் அந்த இன்னொரு சலூனுக்குப் போய்விட்டார்கள், கண்ணாடியில் பார்த்தேன்.

மெஷினைத் திருப்பிக் கொடுத்துத் தட்டையானதை மாற்றிக்கொள்ளலாம் என்கிறாள் ஷோரூம் பெண். கட்டிலுக்கு அடியில் அதுதான் போகும். மாற்றட்டுமா, வேண்டாமா என்று நீ சொல். இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை.

வா என்று இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

*

ஜூலை 15

உங்களுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அழுகை வரும் என்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். வரவில்லை. தங்கச்சி கதவைத் தட்டி, மாமா என்ன எழுதியிருக்காரு என்று கேட்டாள். மெஷின் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டதாம் என்றேன். அவள் சிரித்தாள். மீதியைச் சொல்லவில்லை.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

தட்டையானதையே மாற்றிக்கொள்ளுங்கள். கண் இல்லாவிட்டால் பரவாயில்லை, முட்டி முட்டியாவது போய்ச் சேரும். கொண்டையால் அந்த வீட்டுக்கு உபயோகமில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நான் வருவேன். இருப்பதற்கு வருகிறேன் என்று அர்த்தமில்லை. என்றைக்கு என்று எழுதமாட்டேன். பின்பக்கச் சாவி என்னிடம் இருக்கிறது, சந்து வழியாக வந்து திறந்துகொள்வேன். நீங்கள் கடையில் இருக்கிற நேரமாகத்தான் வருவேன். வந்தது உங்களுக்குத் தெரியாது. கட்டிலில் படுத்துக்கொண்டு, கடை சாத்துகிறவரை கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம்தான் இருப்பதா, திரும்பிப் போவதா என்று எனக்கே தெரியும். போவதானால் வந்த வழியிலேயே போய்விடுவேன். வந்துபோனதுகூட உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

நாளைக்கே வரலாம். அடுத்த மாதமும் ஆகலாம்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். பல் வலி என்று எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள்? ஊமைக் கடைக்கு யார் வருவார்கள்? பேசுங்கள். எப்போதும் போலச் சத்தமாகவே பேசுங்கள். கண்டக்டரைச் சிரிக்க வையுங்கள், மருந்துக்கடைக்காரரைச் சிரிக்க வையுங்கள், சவரக் கத்தியை மட்டும் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு. என்னை இழுக்காமல் உங்களால் ஒரு கடையைச் சிரிக்க வைக்க முடியுமா என்று நான் கேட்க வேண்டும்.

இந்தப் பக்கம் எனக்கும் சிரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.